சிவப்புப் புத்தகத்தில் ஒரு காலிப் பக்கம்: வடக்கு–தெற்கு அமைச்சர்கள் மன்றத்துக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைச்சர்களுக்கு,

வணக்கம்.

அயர்லாந்துத் தீவின் வடக்கு, தெற்கு இரண்டு பக்கத்து அமைச்சர்களும் கூடிப் பேசும் உங்கள் மன்றத்துக்கு, அந்தத் தீவில் பிறந்த ஒரு பையனுக்காக எழுதுகிறேன். வயது ஒன்பது மாதம். பிறந்தது வடக்கே நியூரி, இப்போது வளர்வது எல்லைக்குத் தெற்கே டண்டாக். இரண்டு ஊருக்கும் இடையே இருபது கிலோமீட்டர் இருக்கும். காரில் ஏறியதும் கண்ணயர்ந்தான் என்றால், விழிப்பதற்குள் வந்து சேர்ந்துவிடலாம். அவ்வளவு தூரத்தைக் கடக்க அவனுக்கு ஒரு கடவுச்சீட்டும் ஒரு விசாவும் வேண்டியிருந்தன. இரண்டையும் வாங்கிவிட்டோம். அவனுக்குப் போட்ட ஊசிகளின் கணக்கைத்தான் எல்லைக்கு இந்தப் பக்கம் கொண்டுவர முடியாமல் திண்டாடினோம்.

இந்த மடலின் ஆங்கில வடிவம் ஆர்மாவில் உள்ள உங்கள் செயலகத்துக்குத் தபாலில் வருகிறது. தமிழிலும் எழுதுவதற்குக் காரணம், எங்களைப் போலவே கைக்குழந்தையோடு இந்த எல்லையைத் தாண்டப்போகும் தமிழ்க் குடும்பங்கள். அவர்கள் பெட்டி கட்டும் முன் இதைப் படித்துவிட்டால், குறைந்தபட்சம் ஊசிப் புத்தகத்தையாவது கைப்பையில் வைப்பார்கள்.

அவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். நான் நியூரியில் இருந்தபோதும் என் அம்மா ஊரில் எல்லோரிடமும் "மகள் அயர்லாந்தில் இருக்கிறாள்" என்றுதான் சொன்னார். டண்டாக்குக்கு வந்த பிறகும் அதையேதான் சொல்கிறார். "அயர்லாந்திலிருந்து அயர்லாந்துக்குப் போவதற்கு எதற்கடி விசா?" என்று கேட்டார். 1921-இல் இந்தத் தீவு இரண்டாகப் பிரிந்தது. வடகிழக்கில் உள்ள ஆறு மாவட்டங்கள் பிரிட்டனோடு இருக்கின்றன. மற்ற இருபத்தாறும் தனிக் குடியரசு. பிரிட்டிஷ்காரர்களும் ஐரிஷ்காரர்களும் இரண்டு பக்கமும் தடையில்லாமல் வாழலாம், வேலை பார்க்கலாம். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. நமக்கு இது டெல்லியிலிருந்து லண்டனுக்குப் போவது போன்ற முழு எல்லை. கம்பிவேலியும் சோதனைச் சாவடியும் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான் வேறுபாடு.

நான் செவிலியர். 2022 அக்டோபரில் வடக்கே வேலைக்கு வந்தேன். என் விசாவை ஒட்டிக் கணவரும் வந்தார். 2025 பிப்ரவரியில் மகன் பிறந்தான். அவனுக்கு இரண்டு மாதம் ஆனபோது கணவருக்கு எல்லைக்குத் தெற்கே ஒரு மருந்துத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. தினமும் போய் வரலாமே என்று பலர் கேட்டார்கள். இரண்டு நாட்டிலும் தனித்தனியாக அனுமதி வைத்துக்கொண்டு, இரண்டையும் உயிரோடு காப்பாற்றிக்கொண்டு, நடுவில் ஒரு குழந்தையையும் வளர்ப்பது எங்களால் ஆகாது என்று தோன்றியது. மூவருமாகக் குடிபெயர்வது என்று முடிவு செய்தோம்.

மகன் இந்தத் தீவில் பிறந்தவன்தானே, அவனுக்கு ஐரிஷ் குடியுரிமை இல்லையா என்பது அடுத்து எல்லோரும் கேட்கும் கேள்வி. 2004-இல் நடந்த பொதுவாக்கெடுப்புக்கு முன்னால் பிறந்திருந்தால் இருந்திருக்கும். 2005 ஜனவரி 1 முதல் சட்டம் வேறு. எங்களைப் போன்ற பெற்றோரில் ஒருவராவது, குழந்தை பிறப்பதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் மூன்று ஆண்டுகள் இந்தத் தீவில் முறைப்படி வாழ்ந்திருக்க வேண்டும். நியூரியில் வாழ்ந்த காலமும் அதில் சேரும். எனக்கு அப்போது ஆகியிருந்தது இரண்டு ஆண்டு நான்கு மாதம். எட்டு மாதம் பொறுத்துப் பிறந்திருக்கலாம் என்று அவனிடம் சொல்லிப் பயனில்லை. பிரிட்டிஷ் குடியுரிமைக்கும் அவன் தகுதி பெறவில்லை. ஆகவே இந்தியன்.

இந்தியக் கடவுச்சீட்டுக்குப் படம் எடுக்கப் போனோம். மாமியார் தொலைபேசியில் சொல்லிச் சொல்லி வைக்கவைத்த திருஷ்டிப் பொட்டு அவன் கன்னத்தில் பெரிதாக இருந்தது. படம் எடுப்பவர் அது காயமா என்று கேட்டார். துடைத்தேன். கண் திறந்திருக்க வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும், பின்னால் வெள்ளை தெரிய வேண்டும், தாங்கும் கை தெரியக் கூடாது. மூன்று மாதக் குழந்தையிடம் இந்த நான்கையும் ஒரே நொடியில் வாங்குவதற்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு அவன் பெயரில் ஐரிஷ் விசா விண்ணப்பம். அவன் வேலை, படிப்பு பற்றிய கட்டங்களில் எல்லாம் 'பொருந்தாது' என்று நிரப்பினேன். விசா வந்தது.

ஜூலை மாதம் ஒரு சனிக்கிழமை எல்லையைத் தாண்டினோம். சாலையோரக் கோடு வெள்ளையிலிருந்து மஞ்சளாக மாறியது. வேகப் பலகைகளில் மைல் போய்க் கிலோமீட்டர் வந்தது. கைபேசி ஒரு முறை அதிர்ந்து, புது நாட்டுக்கு வரவேற்றது. வேறு யாரும் வரவேற்கவில்லை, நிறுத்தவுமில்லை. கடவுச்சீட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நான் அவற்றை மறுபடியும் பைக்குள் வைத்தேன்.

அந்த அமைதிக்காக இந்தத் தீவில் எத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும். இருநூறுக்கும் மேற்பட்ட சாலைகள் தாண்டிப் போகும் ஐந்நூறு கிலோமீட்டர் எல்லையில், ஒரு காலத்தில் ராணுவக் கோபுரங்கள் நின்றன. எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி, தன் அம்மா குழந்தை வண்டியில் மெத்தைக்கடியில் வெண்ணெய்க் கட்டிகளை ஒளித்துக் கடத்திவந்த கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். மெத்தைக்கு மேலே படுத்திருந்த குழந்தை அவர்தானாம். இந்த எல்லை திறந்தே இருக்கட்டும். நான் கேட்க வந்தது சோதனைச் சாவடி அல்ல.

ஆனால் திறந்த எல்லையில் ஒரு வேடிக்கை உண்டு. முத்திரை குத்த ஆளில்லை. பெரியவர்களான நாங்கள் முந்நூறு யூரோ கட்டிப் பதிவு செய்து ஆளுக்கொரு அட்டை வாங்கிக்கொண்டோம். பதினாறு வயதுக்குட்பட்டவர்களைப் பதிவு செய்வதில்லை. ஆக, என் மகனின் கடவுச்சீட்டில் விசா இருக்கிறது, நுழைந்த முத்திரை இல்லை. அட்டையும் இல்லை. அவன் இங்கேதான் இருக்கிறான் என்பதற்கு அவன் அழுகையை விட்டால் வேறு சான்று கிடையாது.

விசாவைப் பற்றியும் குடியுரிமையைப் பற்றியும் உங்களிடம் முறையிட மாட்டேன். அவை டப்ளினும் லண்டனும் தனித்தனியாக முடிவு செய்பவை. நீங்கள் கூடிப் பேசுவதற்கென்று ஒதுக்கப்பட்ட துறைகளின் பட்டியலைப் படித்துப் பார்த்தேன்: வேளாண்மை, கல்வி, சுற்றுச்சூழல், உடல்நலம், சுற்றுலா, போக்குவரத்து. உடல்நலம் இருக்கிறது. அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு வருகிறது.

இனி ஊசிக்கு வருகிறேன்.

வடக்கே பிறக்கும் குழந்தைக்குச் சிவப்பு அட்டை போட்ட ஒரு புத்தகம் தருவார்கள். எடை, உயரம், ஊசி எல்லாம் அதில் ஏறும். எல்லோரும் சிவப்புப் புத்தகம் என்றே சொல்வார்கள். அங்கே ஆறு நோய்களுக்கான கூட்டு ஊசியை எட்டாம் வாரம், பன்னிரண்டாம் வாரம், பதினாறாம் வாரம் என்று போடுகிறார்கள். தெற்கே அதே கூட்டு ஊசி இரண்டாம் மாதம், நான்காம் மாதம், ஆறாம் மாதம். தெற்கே ஆறாம் மாதத்தில் மெனிஞ்சைட்டிஸ் என்னும் மூளையுறை அழற்சியின் சி வகைக்கு ஓர் ஊசி உண்டு. வடக்கே கைக்குழந்தைகளுக்கு அதை 2016-இல் நிறுத்திவிட்டார்கள். 2024 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குத் தெற்கே ஒரு வயதில் சின்னம்மை ஊசி போடுகிறார்கள். என் மகன் பிறந்தபோது வடக்கே அந்த ஊசி அட்டவணையில் இல்லை. இரண்டு அட்டவணைகளுமே மருத்துவ நியாயம் உள்ளவை. ஒன்று சரி, மற்றது தவறு என்று நான் சொல்லவில்லை. ஒன்றிலிருந்து இறங்கி மற்றொன்றில் ஏறும் குழந்தைக்கு நடுவில் படிக்கட்டு வைக்கவில்லை என்பதுதான் என் குறை.

மகனுக்குப் பதினாறாம் வார ஊசி போட்ட அன்று நான் சிவப்புப் புத்தகத்தை வீட்டில் மறந்துவிட்டுப் போனேன். ஊசி போட்டவர் தேதியையும் மருந்துத் தொகுதி எண்ணையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்து, வீட்டுக்குப் போய் ஒட்டிக்கொள்ளச் சொன்னார். ஒட்டவில்லை. குடிபெயரும் அமளியில் அந்தத் தாள் எந்தப் பெட்டியில் போயிற்றோ தெரியவில்லை. இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன். தவறு முதலில் என்னுடையது. அதுவும் செவிலியர் செய்யக்கூடாத தவறு.

டண்டாக்கில் குடும்ப மருத்துவர் கிடைப்பதற்கே மூன்று வாரம் ஆயிற்று. மூன்று இடங்களில் புது நோயாளிகளைச் சேர்ப்பதில்லை என்றார்கள். நான்காவது இடம் சேர்த்துக்கொண்டது. எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இங்கே குடும்ப மருத்துவரைப் பார்க்கக் கட்டணம் இல்லை. இது நல்ல திட்டம், மனதாரச் சொல்கிறேன். ஆறாம் மாத ஊசிக்காக ஆகஸ்டில் போனோம். அங்கிருந்த செவிலியர் சிவப்புப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். பதினாறாம் வாரப் பக்கம் வெறுமையாக இருந்தது. "பதிவு இல்லாவிட்டால் போடாததாகத்தான் எடுத்துக்கொள்வோம். பதிவைக் கொண்டுவாருங்கள், இல்லையென்றால் மறுபடி போட்டுவிடலாம்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னதில் தவறில்லை. வேலையில் இருந்த காலத்தில், கிழக்குத் திமோரிலிருந்து வந்த ஒரு தாயிடம் இதே வாக்கியத்தை நானே சொல்லியிருக்கிறேன். அவர் தன் கைபேசியில் ஏதோ ஒரு மங்கலான படத்தைக் காட்டிக் காட்டி மன்றாடியது அப்போது நினைவுக்கு வந்தது. அன்று எனக்கு அது விதி. இன்று என் பையனின் தொடை.

மறுபடி போட்டாலும் குழந்தைக்குப் பெரிய தீங்கில்லை என்று தெரியும். ஆனாலும் போட்ட ஊசியை, போட்டதென்று ஒரு கணினிக்குத் தெரிந்த ஊசியை, அந்தக் கணினி இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதற்காக மறுபடி குத்த மனம் ஒப்பவில்லை. பதிவைக் கேட்டு வடக்கே எழுதினேன். நாங்கள் அங்கிருந்து பெயரை நீக்கிக்கொண்டு வந்துவிட்டதால், இனி இது தகவல் கோரிக்கை என்ற கணக்கில் வரும், ஒரு மாதம் வரை ஆகலாம் என்று பதில் வந்தது. சட்டப்படி அவர்களுக்கு அந்த ஒரு மாதம் உண்டு. நேரில் வந்து அடையாளத்தைக் காட்டினால் சீக்கிரம் தந்துவிடலாம் என்றும் ஒருவர் அன்போடு சொன்னார்.

நேரில் எப்படிப் போவது? நான் வேலையை விட்டுத் தெற்கே வந்ததோடு என் பிரிட்டிஷ் அனுமதி போயிற்று. மகனுக்குப் பிரிட்டிஷ் விசா என்று ஒன்று எப்போதுமே இருந்ததில்லை. அவன் பிறந்த ஊருக்கு அவன் போக வேண்டுமானால் விசா எடுக்க வேண்டும். வெண்ணெய்ப் பாட்டி இதைக் கேட்டு நம்பவே இல்லை. "யார் உன்னை நிறுத்தப் போகிறார்கள்? பேருந்தில் ஏறு, வாங்கிக்கொண்டு திரும்பிவிடு" என்றார். அவரை யாரும் நிறுத்தமாட்டார்கள். எல்லை தாண்டும் பேருந்துகளில் ஏறித் தோலின் நிறத்தைப் பார்த்துச் சிலரிடம் மட்டும் ஆவணம் கேட்கிறார்கள் என்று மனித உரிமை அமைப்புகள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகின்றன. அது இருக்கட்டும், யாரும் நிறுத்தவே மாட்டார்கள் என்று வைத்துக்கொண்டாலும் நான் போயிருக்க மாட்டேன். இரண்டு நாட்டு விதிகளையும் வரிக்கு வரி மதித்து, கட்டணம் கட்டி, வரிசையில் நின்று வந்தவள் நான். ஒரு ஊசிக் கணக்குக்காக அதைக் கெடுத்துக்கொள்ள முடியாது.

காத்திருந்தோம். சிவப்புத் தபால்பெட்டி உள்ள நாட்டிலிருந்து பச்சைத் தபால்பெட்டி உள்ள நாட்டுக்குக் கடிதம் வந்து சேர்ந்தபோது செப்டம்பர் முடியப்போகிறது. ஒரே ஒரு தாள். அதில் நான்கு வரி. பதினாறாம் வார ஊசி போட்ட தேதி அதில் இருந்தது. மறுபடியும் முன்பதிவு செய்து, ஆகஸ்டில் போட வேண்டிய மெனிஞ்சைட்டிஸ் சி ஊசியை அக்டோபரில் போட்டோம். ஏழு வாரத் தாமதம். ஒன்றும் ஆகவில்லை, பையன் நன்றாக இருக்கிறான். ஆனால் அந்த ஏழு வாரமும் அவன் உடம்பு கொஞ்சம் சுட்டாலும், தோலில் ஒரு புள்ளி தெரிந்தாலும், கண்ணாடித் தம்ளரை எடுத்துவந்து அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுத்தினால் மறையாத புள்ளி எதன் அறிகுறி என்று செவிலியர்களுக்குத் தெரியும். மெனிஞ்சைட்டிஸ் குழந்தையைப் பார்த்தவர்கள் அதை மறப்பதில்லை.

நான் பிறந்ததும் ஓர் எல்லையோரம்தான். கன்னியாகுமரி மாவட்டத்தில், களியக்காவிளைக்குப் பக்கம். 1956 நவம்பர் 1 அன்று கோடு போட்டு எங்களைத் தமிழ்நாட்டில் சேர்த்தார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் கேரளம். ரேஷன் அட்டை செல்லாது, பேருந்து மாறும், பலகையில் எழுத்து மாறும். என் அக்காவுக்குப் பிரசவம் திருவனந்தபுரத்தில். குழந்தைக்குப் பிறந்த அன்றைய ஊசிகளும் ஆறாம் வார ஊசியும் அங்கே போட்டார்கள். பத்தாம் வார ஊசியைக் குழித்துறையில் போட்டார்கள். அக்கா கொண்டுபோன அட்டையில் மலையாளத்தில் எழுதியிருந்தது. எங்கள் ஊர்ச் செவிலியர் அதை வாங்கிப் பார்த்து, அடுத்த கட்டத்தில் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒரே நாடு, ஒரே அட்டவணை என்பதால் அது எளிதாக இருந்தது என்று நீங்கள் சொல்லலாம். சரிதான். ஆனால் அந்த அட்டை மடித்து மடித்துக் கிழிந்த ஒரு சாதாரணத் தாள். கணினி கிடையாது, ஒப்பந்தம் கிடையாது.

உங்களுக்கு இது முடியாத காரியம் என்று நான் நம்பவில்லை. இதைவிடக் கடினமானவற்றை நீங்கள் செய்திருக்கிறீர்கள். பெல்ஃபாஸ்டில் குழந்தைகளுக்கான இதய அறுவை சிகிச்சை நின்று சுமார் பத்தாண்டுகள் ஆகின்றன. இதயத்தில் குறையோடு வடக்கே பிறக்கும் குழந்தை டப்ளினில் உள்ள கிரம்லின் மருத்துவமனைக்கு வருகிறது. அதற்காகத் தீவு முழுவதற்கும் ஒரே வலையமைப்பை உருவாக்கினீர்கள். தெற்கே டனிகாலில் இருக்கும் புற்றுநோயாளி டப்ளின்வரை அலைய வேண்டாம் என்று, 2016-இல் டெர்ரியில் திறந்த மையத்தில் கதிர்வீச்சு சிகிச்சை பெற வழி செய்தீர்கள். திறந்த நெஞ்சோடு ஒரு குழந்தை இந்த எல்லையைத் தாண்டிப் போய்த் திரும்ப முடிகிறது. அதற்குத் தேவையான தாள்கள், படங்கள், மருந்துக் கணக்குகள் எல்லாம் கூடவே போகின்றன. நலமாக இருக்கும் குழந்தையின் ஊசிக் கணக்குதான் போகவில்லை. நோயாளி என்றால் உங்களுக்குக் கண் தெரிகிறது, நலமாக இருப்பவன் கண்ணில் படுவதில்லை போலும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சில நேரம் ஓமீத் பக்கம் போவோம். எதிர்க்கரை வடக்கு. நடுவில், 2024-இல் தொடங்கிய நேரோ வாட்டர் பாலத்தின் வேலை நடக்கிறது. நூறு மில்லியன் யூரோவுக்கு மேல் செலவு, நீளம் இருநூறு மீட்டர்கூட இல்லை. அழகான திட்டம். கப்பல் வந்தால் பாலம் திறந்து வழி விடுமாம். மகனைத் தோளில் வைத்துக் காட்டுவேன். பல பத்தாண்டுகள் பேசிப் பேசி இப்போதுதான் கட்டுகிறார்களாம். நான் கேட்கும் பாலத்துக்குத் தூண் வேண்டாம், இரும்பு வேண்டாம்.

நான் கேட்பது இதுதான். இரண்டு பக்கத்து மருத்துவ முறையும் ஏற்கும், ஒரே தாளில் அடங்கும் சான்று ஒன்று வேண்டும். ஊசியின் பெயர், போட்ட தேதி, தொகுதி எண் ஆகியவை மட்டும் இருந்தால் போதும். குழந்தையோடு எல்லை தாண்டப்போகிறோம் என்று பெற்றோர் சொன்ன அன்றே, கேட்ட இடத்திலேயே அதை அச்சிட்டுக் கையில் கொடுக்க வேண்டும். ஊரைவிட்டுப் போனபின் தகவல் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்க வைக்கக் கூடாது. அதோடு, வடக்கு அட்டவணையில் பாதி வந்த குழந்தை தெற்கில் எங்கிருந்து தொடர வேண்டும், தெற்கில் பாதி வந்த குழந்தை வடக்கில் எங்கிருந்து தொடர வேண்டும் என்று இரு பக்கமும் சேர்ந்து ஒப்புக்கொண்ட ஒரு வழிகாட்டுத் தாள் ஒவ்வொரு குடும்ப மருத்துவர் மேசையிலும் இருக்க வேண்டும். முறையான இடைவெளியில் வேறு நாட்டில் போட்ட ஊசி செல்லும் என்பது மருத்துவர்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தப் பரபரப்பில் அதைத் தேடிப் படிக்க நேரம் ஏது? நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இது எனக்கு ஊசியைவிடக் கவலை தருவது. தெற்கே பிறக்கும் குழந்தைக்குப் பிறப்பைப் பதியும்போதே, அரசுச் சேவைகளுக்கான அடையாள எண்ணான பி.பி.எஸ். எண் வந்துவிடுகிறது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் போன மூன்று நாளுக்குள் பொதுச் சுகாதாரச் செவிலியர் கதவைத் தட்டுகிறார். மூன்றாம் மாதம், பிறகு ஒன்பதிலிருந்து பதினொன்றாம் மாதம் என்று வளர்ச்சியைப் பார்க்க அழைக்கிறார்கள். வடக்கே இதே வேலையை ஹெல்த் விசிட்டர் செய்கிறார். எங்களுக்கு வாய்த்தவர் தங்கமானவர். மகன் எடை ஏறாமல் இருந்த இரண்டு வாரமும் தானே தேடிவந்து பார்த்தார். நாங்கள் கிளம்பிய அன்று அவர் பட்டியலிலிருந்து மகன் பெயர் விழுந்துவிட்டது. இங்கே எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. இங்கே பிறக்காத குழந்தை தானாக எந்தப் பட்டியலிலும் ஏறாது. பெற்றோர்தான் போய்ச் சொல்ல வேண்டும். யாரிடம் சொல்ல வேண்டும் என்று எனக்கே அக்டோபரில்தான் தெரிந்தது, அதுவும் பூங்காவில் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு தாய் சொல்லித்தான்.

நான் செவிலியர், ஆங்கிலம் தெரியும், படிவம் நிரப்பத் தெரியும். எனக்கே மூன்று மாதம் ஆயிற்று. பிரசவத்துக்குப் பிறகு மனம் சோர்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, கணவன் வேலைக்குப் போனபின் குழந்தையும் தானுமாக ஒரு வாடகை வீட்டில் உட்கார்ந்திருக்கும் பெண்ணை யார் கண்டுபிடிப்பார்கள்? ஹெல்த் விசிட்டர் குழந்தையின் எடையை மட்டும் பார்ப்பதில்லை, தாயின் முகத்தையும் பார்க்கிறார். அந்தக் கண்ணோட்டம் எல்லையில் அறுந்துபோகிறது. ஆகவே, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை எல்லை தாண்டும்போது, பெற்றோர் சம்மதத்தோடு, இந்தப் பக்கச் செவிலியர் அந்தப் பக்கச் செவிலியருக்கு ஒரு தொலைபேசி அழைப்பாவது செய்யும் ஏற்பாடு வேண்டும். தெற்கிலிருந்து வடக்கே போகிறவர்களுக்கும் இது பொருந்தும். இது இந்தியக் குடும்பங்களின் பிரச்சினை மட்டும் அல்ல. டண்டாக்கில் பிள்ளை பெற்று, கைக்குழந்தையோடு நியூரிக்குக் குடிபெயரும் ஐரிஷ் பெண்ணின் குழந்தைக்கும் இரண்டு அட்டவணைதான், இரண்டு பட்டியல்தான். அவளுக்கு ஒரு வசதி, தாள் விட்டுப்போனால் காரை எடுத்துக்கொண்டு போய் வாங்கி வந்துவிடலாம்.

தகவல் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது என்று உங்கள் அதிகாரிகள் சொல்லக்கூடும். என் குழந்தையின் தகவலை என் கையில் கொடுப்பதற்கும், என் கையெழுத்தோடு அடுத்த ஊர்ச் செவிலியருக்குச் சொல்வதற்கும் எந்தச் சட்டம் தடையாக நிற்கிறது என்று அவர்களிடம் திருப்பிக் கேளுங்கள். கணினிகள் ஒன்றோடொன்று பேசாது என்றும் சொல்வார்கள். வடக்கே பொது மருத்துவச் சேவையை நடத்தும் எல்லா 'டிரஸ்ட்' அமைப்புகளும் 2025 மே மாதத்துக்குள் ஒரே மின்னணுப் பதிவேட்டுக்கு மாறிவிட்டன. தெற்கே பதிவேடு இன்னும் துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. ஆனால் 2025 மார்ச் மாதம் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய விதிப்படி, வரும் ஆண்டுகளில் ஒன்றிய நாடுகளுக்கிடையே மருத்துவப் பதிவுகள் பரிமாறப்பட வேண்டும். அது நடக்கும்போது என் மகனின் ஊசிக் கணக்கு லிஸ்பனில் தெரியும், நியூரியில் தெரியாது. அந்த நாளுக்காகக் காத்திருக்காமல், அதுவரை ஒரு தாளை வைத்துச் சமாளிக்கலாம் என்கிறேன்.

உங்கள் மன்றத்தின் வரலாற்றையும் படித்தேன். 1999 டிசம்பரில் தொடங்கியது. பெல்ஃபாஸ்டில் ஆட்சி முடங்கும்போதெல்லாம் உங்கள் கூட்டமும் முடங்கியது. 2002 முதல் 2007 வரை, 2017 முதல் 2020 வரை, மறுபடியும் 2022 முதல் 2024 பிப்ரவரி வரை. அந்த முதல் இடைவெளியில் பிறந்த குழந்தை, நீங்கள் திரும்பி வருவதற்குள் எல்லா ஊசியையும் முடித்துப் பள்ளிக்கூடத்துக்கே போயிருக்கும். இப்போது கூடுகிறீர்கள். கூடுகிற காலத்தில் செய்துவிடுங்கள் என்று கேட்பதற்காகவே அவசரமாக எழுதுகிறேன்.

மகனின் ஒன்பதாம் மாதப் பரிசோதனைக்கு நானே போய்ப் பெயர் கொடுத்துவிட்டேன். அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு வயது ஊசிகள் பிப்ரவரியில். சிவப்புப் புத்தகத்தையும், நியூரியிலிருந்து வந்த அந்த நான்கு வரிக் கடிதத்தையும், இங்கே புதிதாகத் தந்த அட்டையையும் ஒரே உறையில் போட்டு, கதவுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன். இந்த முறை மறக்கமாட்டேன்.

இப்படிக்கு,
டண்டாக்கிலிருந்து ஒரு தாய்
2025 நவம்பர்